முதல் சொட்டு

அம்மாக்கண்ணுவையும் அவள் மகள் சரோஜாவையும் பழைய உரக் கொட்டகையில் கொண்டுபோய் அடைத்தபோது, தொழிலாளர் லயத்தில் ஒருத்தர்கூடப் பரிதாபப்படவில்லை.

அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோயிருந்தான். ரிங்லெட் பக்கம் பிழைக்க வழியில்லாமல், ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு கம்போங் ராஜாவுக்கு அருகே இருந்த இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். வரும்போதே சரோஜாவுக்கு இருமல்.

அடுத்த வாரம் லயத்துப் பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் கண்டது. மூச்சை இழுத்து இழுத்து, முகம் நீலம் பாய்ந்து, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வரும்வரை இருமினார்கள். பதினைந்து நாளில் பன்னிரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். தங்கராஜுவின் கைக்குழந்தை செத்தேபோனது.

"எல்லாம் இவ கொண்டாந்த சீக்குதான்லா" என்றார் கங்காணி செல்லையா.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசர் லியோனார்டும் அப்படித்தான் நினைத்தார். வெள்ளைக்கார துரைகள் ஓடிப்போனதிலிருந்து அத்தனை லயத்துக்கும் வைத்தியம் பார்க்க அவர் ஒருத்தர்தான். இருக்கிற மருந்தை வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று சொல்லி, கொட்டகைக் கதவை அவரே பூட்டினார். தினமும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் தண்ணீரும் வாசலில் வைக்கச் சொன்னார். சில நாள் வைத்தார்கள், சில நாள் மறந்தார்கள்.

பத்து நாள் கழித்து, லியோனார்ட் சொல்லியனுப்பியதன்பேரில் தானா ராத்தாவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தமிழர்தான். அவரிடமும் பெரிதாக மருந்து இல்லை. யுத்தத்துக்கு முந்திய ஒரு சின்ன புட்டி மட்டும் இருந்தது. கக்குவான் கிருமியைச் சாகடித்துக் கலக்கிய தண்ணீர் அது. அதில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு ஆட்டினால், சமீபத்தில் அந்த இருமல் வந்தவர் ரத்தம் திரிந்த பால் மாதிரி துகள் துகளாகிவிடும், வராதவர் ரத்தம் அப்படியே கலந்து நிற்கும் என்று விளக்கினார். பெரியவர்களில் யாருக்காவது வந்து போயிருந்தால், அவர்களையே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விடலாம், அவர்களை அது மறுபடி இப்போதைக்குத் தொற்றாது என்றார்.

யாரும் விரலை நீட்டவில்லை. ரத்தம் எடுத்துச் சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது.

பயத்தைப் போக்க லியோனார்ட் முன்னால் வந்து தன் விரலையே நீட்டினார். டாக்டர் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் அந்தப் புட்டித் தண்ணீரோடு ஒரு சொட்டு விட்டு, மெதுவாக ஆட்டினார்.

பிறகு கொட்டகையைத் திறந்து சரோஜாவைத் தூக்கி வந்தார்கள். அவள் அழவில்லை. அவளுடைய சொட்டு எவ்வளவு நேரம் ஆட்டியும் அப்படியே கலங்கலாக நின்றது. ஒரு மாதமாக இருமுகிற பிள்ளைக்குக் கக்குவானாக இருந்தால் இந்நேரம் ரத்தத்தில் தெரிந்திருக்கும், இது வெறும் சளி என்றார் டாக்டர்.

லியோனார்ட் தன் கண்ணாடித் துண்டைப் பார்த்தார். அதில் ரத்தம் துகள் துகளாகத் திரிந்து கிடந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்தி இங்கிலீஷில் கேட்டார். எப்போது இருமல் வந்தது? மலேரியாவுக்குக் கொயினா வாங்கத் தாப்பா டவுனுக்குப் போய் வந்த பிறகு என்றார் லியோனார்ட். அம்மாக்கண்ணு வருவதற்கு ஒரு வாரம் முந்தி. வறட்டு இருமல்தானே என்று விட்டுவிட்டார். அந்த வாரம்தான் தங்கராஜுவின் கால் புண்ணுக்குத் தினமும் கட்டுப் போடப் போனார். போகும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்.

பெரியவர்களுக்கு அது வறட்டு இருமலாகத்தான் போகும் என்றார் டாக்டர். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இதை வைத்து யாரும் சத்தியம் பண்ண முடியாது, வெளியே சொல்ல வேண்டிய அவசியமில்லை என்றும் சொன்னார்.

லியோனார்ட் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ளைக்குக் கக்குவான் இல்ல. எனக்குத்தான் வந்திருக்கு. வீடு வீடா நான்தான் கொண்டாந்து குடுத்திருக்கேன்."

கங்காணி தரையைப் பார்த்தார். தங்கராஜு திரும்பி லயத்தை நோக்கி நடந்தான்.

லியோனார்ட் சரோஜாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அம்மாக்கண்ணு உள்ளே கோணிச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"சீக்கக் கொண்டாந்தது நீ இல்லம்மா. நான்தான்."

"தெரியுங்கய்யா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூத்தவன இந்த இருமலுக்குத்தான் குடுத்தேன். அந்தச் சத்தம் எனக்கு மறக்காது. இங்க அடைக்க வந்த அன்னிக்கு, நீங்க கதவப் புடிச்சிக்கிட்டு இருமுனப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

மகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அம்மாக்கண்ணு சொன்னாள்:

"சொன்னா உங்களத்தான இங்க பூட்டியிருப்பாங்க. அப்பவே பன்னெண்டு புள்ளைங்க படுத்துக் கெடந்துச்சு. அதுங்கள யாருய்யா பாத்திருப்பா?"