நீலப் பக்கம்

“மேடம், உங்க வீட்டுக்காரர் இந்த ரேஸ் காருக்கு ஏன் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம்னு அடிச்சார்?”

கரோலைனா பந்தய மியூசியத்தில் காரின் நீலப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்னெல், நிருபரை அலுப்போடு பார்த்தாள்.

“பொம்பளைங்க கார்கிட்ட வந்தா ராசியில்லைன்னு அப்போ விடமாட்டாங்க, தம்பி. வட்டப் பாதையில கார் இடப்பக்கமாவே சுத்தும். வெளியே கேலரிக்கு வலப்பக்கம்தான் தெரியும், நடுமைதானத்துக்கு இடப்பக்கம்தான். இத ஓட்டின ஹார்லனோட பொண்டாட்டி கேலரியில உக்காருவாங்க. அவங்களுக்குப் புடிச்சது சிவப்பு.”

“அப்போ நீலம்?”

“நடுமைதானத்துல நின்னவளுக்கு. ரெண்டு பேருகிட்டயும் ‘கார் முழுக்க உன் கலர்தான்’னு சொல்லியிருக்கான். அவன் செத்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

நிருபர் பதறினான். “ஐயோ! அப்புறம் அவள பாத்தீங்களா மேடம்?”

“வாசல்ல உனக்கு டிக்கெட் குடுத்தாங்களே, அவங்கதான் பொண்டாட்டி. சிவப்புப் பக்கத்த அவங்க துடைப்பாங்க. இந்தப் பக்கம் என்னோடது.”