மெயின் லைனில் தடங்கல்

போன் மணி அடித்ததும் அவள் கண்ணாடியைப் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். புடவை மடிப்பையும் நீவிவிட்டுக்கொண்டு, நிதானமாகத்தான் எடுத்தாள். போனில் முகம் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்க வேண்டாமா?

“கேபின், ஒரு வண்டியை உங்க பக்கம் திருப்பிவிடட்டுமா? மெயின் லைன்ல மரம் விழுந்து கிடக்கு,” என்றது அந்தக் குரல்.

“விடுங்க சார். லைன் கிளியர்.”

“அங்க மழையா?”

“தூறல்தான் சார்.”

“கொடி காட்டப் போறப்ப குடை எடுத்துக்குங்க.”

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேசியவர் கன்ட்ரோலர். எங்கோ ஒரு பெரிய ஊரில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தப் பாதையில் போகவேண்டும் என்று சொல்கிறவர். அவளுக்கு வேலை இணைப்புப் பாதையின் சிக்னல் கேபினில். மெயின் லைன் அடைபட்டால் வண்டிகளைத் திருப்பிவிடுவதற்கென்றே இருந்த பாதை அது.

ஒரு காலத்தில் அதில் பாசஞ்சர் வண்டிகூட ஓடியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, இப்போது வருவது காலி சரக்கு வண்டிகள்தான். மற்ற நேரம் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். அந்த ஒதுக்குப்புறத்துக்கு ஈயும் வருவது அபூர்வம்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டு மாடியறையில். அண்ணி நல்லவள்தான், தட்டை மூடிவைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அண்ணனுக்குக் கையில் இருக்கும் செல்போனே உலகம். நாள் முழுக்க அவளிடம் ‘மழையா’ என்று கேட்க இந்த ஒரு குரல்தான் இருந்தது.

கேபின் போனில் சும்மா பேசிவிட முடியாது. எல்லாம் பதிவாகும், வண்டி இல்லாமல் வாய் திறந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். சொந்த நம்பரைக் கேட்டிருக்கலாம். பொம்பளை கேட்டால் என்ன நினைப்பாரோ என்று அவள் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதனால், மெயின் லைன் எங்கேயாவது அடைபட வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொள்வாள். ரயில்வே சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேண்டுதலும் வீண்போகவில்லை. இந்த வருஷம் மரம் விழுந்ததாம், தண்டவாளம் விரிசல் விட்டதாம், எருமைக்கூட்டம் பாதையை மறித்துப் படுத்துக்கொண்டதாம். மாதக்கணக்கில் ஆளரவம் இல்லாத பாதையில் வாரம் தவறாமல் வண்டி வந்தது.

அன்று தூறலில் வந்த வண்டி சிக்னலில் நின்றபோது டிரைவர் எட்டிப்பார்த்து அலுத்துக்கொண்டார். தனக்கு முன்னால் கிளம்பிய வண்டியை மெயின் லைனில் நேராகத்தான் விட்டார்களாம். இந்தச் சுற்று தன் தலையில் மட்டும் எழுதியிருக்கிறதாம். டிரைவர்கள் புலம்பாத நாள் உண்டா? அவள் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பச்சைக்கொடியைக் காட்டினாள்.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் வந்து, மாதக் கடைசியோடு பாதையை மூடப்போகிறார்கள் என்றார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “மெயின் லைன் அடிக்கடி அடைபடுது சார். இதையும் மூடிட்டா வண்டியெல்லாம் மலையைச் சுத்தித்தானே போகணும்?”

“சுத்திட்டுப் போகட்டும்மா. அதுக்காக யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?”

அவளுக்குப் பெரிய ஸ்டேஷனில் பார்சல் ஆபீசுக்கு மாறுதல் என்றும், அங்கே ஆட்கள் நிறைய, பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இருக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை அவள் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

கடைசி நாளும் வந்தது. போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். யாரோ ஓர் இளவட்டக் குரல், பாதையைப் பூட்டுவதற்கு ஆட்களோடு ஓர் என்ஜின் வருகிறது என்றது. வழக்கமாகப் பேசுகிற சார் எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் லீவாம்.

இன்றைக்குப் பார்த்தா லீவு? ‘போயிட்டு வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல மனசில்லையா? அவருக்கு நாம் ஒரு கேபின், அவ்வளவுதான். இந்த வயதில் குரலை நம்பி மோசம்போனவள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கொடியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

என்ஜின் வந்து நின்றது. கடப்பாரையும் சங்கிலியுமாக ஆட்கள் குதித்தார்கள். எல்லோருக்கும் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் பாதி நரைத்த ஒருவர், கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பழக்கமில்லாதவராகத் தடுமாறி இறங்கினார்.

“சார், பிரயாணிங்க இங்க இறங்கக் கூடாது,” என்றாள்.

“நான் பிரயாணி இல்லைங்க. கன்ட்ரோல்.”

அந்தக் குரலேதான். அவளுக்குக் கொடியை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியவில்லை. வருஷமெல்லாம் பேச நினைத்துச் சேர்த்துவைத்தது எங்கே போயிற்றோ, வாயில் வந்தது வேலைப்பேச்சுதான்.

“இதையும் மூடிட்டாங்க. இனி மெயின் லைன் அடைபட்டா வண்டியை எங்க சார் திருப்புவீங்க?”

அவர் தலை குனிந்துகொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“மெயின் லைன் ஒருநாளும் அடைபட்டதே இல்லைங்க.”