இன்னும் எட்டு நிமிஷம்

படாரென்று தகரக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. உதைத்த வேகத்தில் உள்ளே பாய்ந்த டிரைவர், பேட்டரிக் கடையின் பின்பக்கத்தில் கண்ட காட்சியில் அப்படியே உறைந்தான்.

அவன் தங்கை குழாயடியில் மண்டியிட்டுக் கிடந்தாள். இரண்டு கையும் துண்டால் கட்டப்பட்டிருந்தன. வேலைச் சட்டை தோளோடு கிழிந்து தொங்கியது. அவள் புருஷன் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைக் குழாய்க்கு அடியில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

எதிர்க் கடைத் தையல்காரர் போனில் சொன்னபோது அவன் பாதிதான் நம்பினான். "யோவ், உன் மாப்ளை உன் தங்கச்சி சட்டையைக் கிழிச்சு, முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான்யா. தொண்டை கிழியக் கத்துது பொண்ணு. ஓடி வா!"

ஓடி வர அவனிடம் வண்டி இல்லை. அவனுடைய எலெக்ட்ரிக் ஆட்டோ காலையிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் நடத்தும் இதே கடையில்தான் சார்ஜில் நின்றது. சீட்டுக்கு அடியில் ஆசிட் கசிந்து துணியெல்லாம் பொத்தலாகிறது என்று பயணிகள் சண்டைக்கு வர, அவனே ஏதோ கைவைத்தியம் பார்த்துவிட்டு, சார்ஜுக்கு மட்டும் விட்டுப் போயிருந்தான். எவனோ ஒருவனின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பறந்து வந்தான்.

"டேய்!" கையில் அகப்பட்ட வீல் ஸ்பேனரை ஓங்கினான். முதல் அடி தோளில் இறங்கியது. மாப்பிள்ளை பிடியை விடவில்லை. இரண்டாவது அடியில் நெற்றி பிளந்து, ரத்தம் தண்ணீரோடு கலந்து ஓடியது. அப்போதும் விடவில்லை.

"மச்சான்... இன்னும் எட்டு நிமிஷம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான் அவன். "அப்புறம் என்னைக் கொன்னு போடு."

"கொலை பண்றதுக்கு மணி பார்க்குறியாடா, நாயே!"

விலாவில் விழுந்த உதையில் மாப்பிள்ளை சுருண்டு விழுந்தான். டிரைவர் தங்கையை வாரித் தூக்கினான். "பயப்படாதம்மா, அண்ணன் வந்துட்டேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இமைகள் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்து வீங்கியிருந்தன. "எரியுதுண்ணே! என்னைக் குழாய்கிட்டயே விடு!" என்று அலறி, அவன் நெஞ்சில் தலையால் முட்டினாள்.

அவன் திகைத்து நின்ற நொடியில், மாப்பிள்ளை ஊர்ந்து வந்து அவளை மறுபடி தண்ணீருக்குள் இழுத்தான். "கண்ணுல ஆசிட், மச்சான். இருபது நிமிஷம் விடாம தண்ணி ஓடணும். கையை அவுத்தா கசக்கிடுவா, பார்வையே போயிடும். சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு, அதான் கிழிச்சேன். ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

ஸ்பேனர் தாழ்ந்தது. டிரைவர் ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்து, விரலால் தங்கையின் இமையை விலக்கிப் பிடித்தான். அடுத்த ஐந்து நிமிஷமும் மாப்பிள்ளையின் நெற்றி ரத்தம் அவன் புறங்கையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எப்படி மாப்ளே?"

"பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தப் போனா. கண்ணாடி மாட்டுடின்னேன், ஒரு மூடியைத் திறக்க எதுக்கு இந்த அலங்காரம்னா. சார்ஜ் ஏறும்போது கிளம்புற கேஸ், வெளிய போக வழியில்லாம உள்ளயே அமுங்கிக் கிடந்திருக்கு. மூடியைத் திருகினதும் ஆசிட்டு மூஞ்சியில பீச்சிடுச்சு."

"ஏன் வழியில்ல?"

"விடு மச்சான். விவரம் தெரியாம பண்ணின வேலை."

மாப்பிள்ளையை அடித்த வெட்கமெல்லாம் டிரைவருக்கு மறுபடி கோபமாய்த் திரண்டது. ஸ்பேனரை எடுத்துத் தரையில் ணங்கென்று அறைந்தான். "விடுறதா? எவன் வண்டி அது? சொல்லு! அவன் பத்து விரலையும் இதாலயே நசுக்குறேன். நசுக்கலேன்னா நான் ஒரு அப்பனுக்குப் பொறந்தவன் இல்ல!"

மாப்பிள்ளை கடிகாரத்தையே பார்த்தான். டிரைவர் ஸ்பேனரை மறுபடி ஓங்கினான்.

"கேட்குறேன்ல? எவன்டா அவன்? உனக்குச் சொந்தமா, பந்தமா, அவனைக் காப்பாத்த?"

முள் இருபதாவது நிமிஷத்தைத் தாண்டியது. மாப்பிள்ளை குழாயை மூடினான். தங்கை இடது கண்ணை மெல்லத் திறந்தாள், இமைத்தாள், கலங்கலாய்த் தெரிந்த அண்ணன் முகத்தையும், அவன் ஓங்கியிருந்த கையையும் பார்த்தாள்.

"மூடி ஓட்டையில மெழுகு ஊத்தி அடைச்சிருந்தது உன் வண்டியிலதாண்ணே."