மூச்சை அடக்கிய ஜெனரேட்டர்

மலையூர் ஒன்றில் புயலடித்து மின்சாரம் போய்விட்டது. போஜன் வீட்டு ஜெனரேட்டர் வெளியே, தகரக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தயவில் உள்ளே ஹீட்டர் எரிய, கைக்குழந்தை கதகதப்பாகத் தூங்கியது.

ஜன்னலில் இருந்த பூனை கேட்டது: "வீட்டுக்கே சூடு கொடுக்கிறவன் நீ. உள்ளே வராம ஏன் இப்படி விறைச்சுப்போய் நிக்கிறே?"

"எனக்கும் ஆசைதான்," என்றது ஜெனரேட்டர். "ஆனா என் புகை பொல்லாதது. மூடின வீட்டுக்குள்ளே அதைச் சுவாசிச்சுத் தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

அப்போது கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. போஜன் ஓடிவந்து ஜெனரேட்டரை நிறுத்தினான். நனையாமல் இருக்க அதைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், கதவைச் சாத்திவிட்டு, மறுபடி கிளப்ப அதன் கயிற்றைச் சுண்டினான்.

பக்கத்து அறையில் குழந்தை சிணுங்குவது கேட்டது. ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டது. போஜன் கை ஓயும்வரை இழுத்துப் பார்த்தான்.

"நேரம் பார்த்துக் காலை வாருது, சனியன்!" என்று ஓர் உதை விட்டான். பிறகு குழந்தையை நடுவில் போட்டு, இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்திக்கொண்டு கணவனும் மனைவியும் நடுங்கியபடி படுத்தார்கள்.

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?" என்றது பூனை.

"நான் பேசினா அவங்களுக்கு இரைச்சலாத்தானே கேட்கும்!"

பொழுது விடிந்தது. "இதைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்," என்று போஜன் மனைவியிடம் சொல்லும்போதே குழந்தை பசியில் வீறிட்டது.

"அப்பப்பா, காது கிழியுது!" என்றது பூனை.

"இன்னும் கொஞ்சம் அழட்டும்," என்றது ஜெனரேட்டர்.