திருப்பிப் போடாத பக்கம்

“என்னை இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திருப்பிப் போட்டதில்லை,” என்று ஜாஸ் பாடகியின் இசைத்தட்டில் இரண்டாம் பக்கம் மறுபடி ஆரம்பித்தது. அவளே எழுதிய பாட்டுகள் அதில்தான் இருந்தன. முதல் பக்கம் முழுக்க ஊரே பாடித் தேய்த்த பழைய பாட்டுகள்.

“உனக்கென்னடி குறை? உன் பெருமையெல்லாம் என் முதுகில் அச்சடிச்சிருக்கே,” என்றது உறை.

“யாரும் கேட்டதில்லையே.”

விருந்தாளிகள் வந்ததும் வழக்கம்போல முதல் பக்கம் சுழன்றது. வீட்டுக்காரர் உறையின் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன இருந்தாலும் இவளோட சொந்தப் பாட்டுக்கு ஈடே கிடையாது.”

வந்தவர்கள் பஜ்ஜியை மென்றுகொண்டே ஆமாம் போட்டார்கள். பாட்டு முடிந்தது. அவர் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இசைத்தட்டை எடுத்தார்.

உறைக்குள் போகிற வழியில் இரண்டாம் பக்கம் கூப்பிட்டது: “முள்ளக்கா, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வாயேன்.”