இரண்டாவது டிரம்மர்

"முதல் டிரம்மர் விலகிப் போனதுதான் அந்தக் குழுவுக்கு நல்ல காலம். ரெண்டாவது ஆள் வந்தப்புறம்தான் பாட்டு பாட்டா இருந்துச்சு" என்றாள் அவள்.

ஏலக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"ஏம்மா, தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார் பேசுறேன். மறுத்துச் சொல்லுங்க, கேக்கிறேன்."

எழுபதுகளில் உலகத்தையே அலறவைத்த அந்த ராக் குழுவை ஒரு வார்த்தை குறைத்துப் பேசினாலும் அவர் சும்மா விடமாட்டார் என்று அவருடைய மனைவி முன்பே சொல்லியிருந்தாள். "கல்யாணமான புதுசுல, என்னங்க ஒரே இரைச்சலா இருக்குன்னு கேட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் பதில் சொல்லிக்கிட்டிருக்காரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

அவர் பழைய வண்டிகளை ஏலம் விடுகிறவர். நாளெல்லாம் மைக்கும் கையுமாக நின்று மூச்சுவிடாமல் விலை கூவுவார். வாய்தான் பிழைப்பு.

அவளும் வெறும் வம்புக்குப் பேசவில்லை. விடுதியில் படித்த நாளிலிருந்து அந்தக் குழுவின் ரசிகை. இரண்டாவது டிரம்மர் வாசித்த பாட்டுகள்தான் அவளுக்கு உயிர். ஆனால் இன்றைக்குப்போல் இருப்புக்கொள்ளாமல் அவள் யாரிடமும் வாதாடியதில்லை.

அறை சில்லென்றிருந்தது. ஏலக்காரர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு நேராக ஒரு குட்டை ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவருக்குப் பின்னால் தொங்கிய துணித் தடுப்புக்கு அப்பால் சிலர் மும்முரமாக வேலையில் இருந்தார்கள். அவர்கள் யாரும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவள் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பார்வை ஓயாமல் தடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது.

"அவங்கபாட்டுக்கு வேலை பாக்குறாங்க, நாம இங்க கதையடிக்கிறோம்" என்றார் அவர்.

"அவங்க வேலை அவங்களுக்கு. நீங்க விஷயத்துக்கு வாங்க."

அவர் வந்தார். அந்த நீளமான பாட்டில் கிடார்க்காரர் தன்போக்கில் எங்கோ போய்விடுவார், அவரைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவதே முதல் டிரம்மர்தான் என்றார். அவளும் விடவில்லை. அந்த ஆளுக்கு எந்தப் பாட்டிலும் வேகம் ஒரே சீராக நிற்காது, போகப் போக ஓட ஆரம்பித்துவிடுவார், பின்னாலேயே ஓடிப் பாடகருக்கு மூச்சு வாங்கும் என்றாள்.

"ஓடட்டுமே. நேரம் தப்பாம அடிக்கக் கடிகாரம் இருக்கு, கடையில வாங்கிக்கலாம். எனக்கு மனுஷன் வேணும்."

"அப்ப அந்தக் கச்சேரி இசைத்தட்டுல பாடகரோட குரல் உடைஞ்சுதே, அது யாரால?"

"அவராலதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் குரல் உடைஞ்ச இடத்துல உங்களுக்கு அழுகை வரலைன்னு சொல்லுங்க பாப்போம்."

அவளால் சொல்ல முடியவில்லை. அழுதிருக்கிறாள். சட்டென்று அடுத்த கேள்வி வாயில் வரவில்லை. பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அந்தப் பாட்டு முடியறப்ப கடைசியா ஒண்ணு அடிப்பாரு பாருங்க. அந்த... இது மேல... அந்த..."

உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. மூச்சுவிடாமல் விலை கூவுகிறவர், ஒரே ஒரு சொல்லுக்காகத் தடுமாறினார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

அவள் கையைத் தூக்கினாள். தடுப்புக்குப் பின்னால் எல்லாம் அப்படியே நின்றது.

"எதைச் சொல்றீங்க சார்? ரெண்டு கையிலயும் குச்சி பிடிச்சு அடிப்பாங்களே, அதுவா?" குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அவர் அவளையே பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"டிரம்ஸ்" என்றார். விட்டால் போய்விடும் என்பதுபோல் மறுபடியும் சொன்னார். "டிரம்ஸ். கடைசியா டிரம்ஸ் மேல விழுமே, அந்த ஒரு அடி. அதை உங்க ரெண்டாவது ஆளு அடிச்சுக் காட்டட்டும், நான் மீசையை எடுத்துடறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையை இறக்கினாள். பின்னால் மறுபடி வேலை தொடங்கியது.

அவள் பேச்சைக் கீபோர்டுக்கு மாற்றினாள். அதைச் சேர்த்தது அந்தக் குழு செய்த ஒரே பாவம் என்றார் அவர். அந்தப் பாவத்தால்தான் பாட்டு தன் காதுவரை வந்து சேர்ந்தது என்றாள் அவள். அவர் குரல் ஏறியது. கேலி செய்தார், திட்டினார், இரண்டு வரி பாடியே காட்டினார். ஒரு சொல்லுக்கும் அவர் வாய் தடுமாறவில்லை. அவள் தோற்றுக்கொண்டே வந்தாள். தோற்கத் தோற்க அவளுக்கு முகம் மலர்ந்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து நிதானமான ஒரு குரல் கேட்டது.

"கட்டி முழுசா வெளிய வந்துடுச்சு. அவரு பேசிக்கிட்டே இருந்ததால, பேச்சுக்கு உண்டான இடத்துல கத்தி படாம பாத்துக்க முடிஞ்சுது."

அவள் குனிந்து, ஏலக்காரரின் காதருகே சொன்னாள். "இனிமே நீங்க வாயை மூடிக்கிட்டு நிம்மதியாத் தூங்கலாம் சார். டாக்டர் உங்க மண்டையை மூடப்போறாரு."