சொந்தத் தாய்மாமன்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாயை விரித்ததும், சுந்தரம்மா புருஷனை முழங்கையால் இடித்தாள்.

"போய் உக்காருங்க. வேற எந்த மாமன் வரப்போறான்?"

நடராஜா துண்டைச் சரிசெய்தார். கஞ்சி போட்ட வேட்டி காலையிலிருந்தே விறைத்து நின்றது.

பக்கத்து வீட்டு இலட்சுமி குடும்பத்தில் காதுகுத்தோ சடங்கோ, தாய்மாமன் முறைக்கு இரவல் போவது அவர்தான். சொந்த மாமன் இருந்தால்தானே!

இலட்சுமியின் தம்பிமார் இருவரும் குழந்தையிலேயே போனார்கள். அவளுடைய மூத்த மகனும் போனான். ஆறு மாதம்வரை பூசணிக்காய் மாதிரி இருப்பார்கள். அப்புறம் காதில் சீழ், நெஞ்சில் சளி, விடாத காய்ச்சல். பெண்பிள்ளைகளுக்கோ ஒரு தும்மல் கிடையாது.

ஆண் தங்காத வயிறு என்று தோட்டத்து லயம் முழுக்க, வீட்டுக்கு வீடு பேச்சு. அதைக் கிளப்பியது யார் என்பது சுந்தரம்மாவுக்கு மறந்துபோயிற்று.

இலட்சுமியின் கடைக்குட்டி சிவலிங்கத்துக்கும் அதே சீழ், அதே சளி. கொழும்பு டாக்டர் சொன்னாராம்: நோயை எதிர்க்கிற சக்தி அவன் இரத்தத்தில் ஊறுவதில்லை, பெண்கள் வழியாக வந்து ஆண்களைப் பிடிக்கிற குறை, மாதாமாதம் மருந்து ஏற்றினால் பிழைப்பான்.

அந்தச் சண்டைக் காலத்தில் இலட்சுமி ஒவ்வொரு ஆர்மி செக்பாயிண்டிலும் இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, அவனைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். வீண் அலைச்சல் என்று சுந்தரம்மா அன்றே தீர்ப்பு சொல்லி, அவனை மாமன் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தாள்.

அந்த வீண் அலைச்சல் இப்போது மீசையும் பட்டு வேட்டியுமாக வந்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

"மாமா, நீங்க இனிமே பந்தியில உக்காந்தா போதும்."

மண்டபமே சிரித்தது. நடராஜாவும் சிரித்தார், சுந்தரம்மா முறைக்கும்வரை.

அக்காள் சந்திரகாந்தா தன் மூன்று வயது மகனைத் தம்பியின் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். சிவலிங்கம் அதை வாங்கி ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தான். பையன் கத்துவதைக் கிட்ட நின்று பார்க்க சுந்தரம்மா முண்டியடித்து வந்தாள்.

பையன் கத்தவில்லை. ஊசியைக் கண்டதும் சட்டையின் முழுக்கையை மேலே இழுத்துவிட்டு, புறங்கையை நீட்டினான்.

"என்னடி, இவனுக்குமா?"

"ஆமா அத்தை." சந்திரகாந்தாவின் முகத்தில் துளி வாட்டம் இல்லை. "பொறந்த ஒடனேயே தம்பி ரத்தம் பாக்கச் சொல்லிட்டான். மாசாமாசம் மருந்து ஏத்த மாமனும் மருமகனும் ஒரே பஸ்லதான் போறாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு சீழ், ஒரு சளி இல்ல."

ஒரு காதில் தோடு ஏறியது. ஆசாரி மறு காதுக்குத் திரும்பினார்.

பையன் மறு கையை நீட்டினான்.